ஆல்பத்தில் ஒரு காலிக் கட்டம்

சேகரிப்புப் பொழுதுபோக்கைச் சுற்றிப் பின்னிய கோஸி மிஸ்டரி நாவல்களை, அதாவது ரத்தத்தைக் காட்டாமல் சாதாரண மனிதர் ஒருவரே துப்பறியும் இதமான கொலைக் கதைகளைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்துச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: தபால்தலை, நாணயம், பொம்மை, பீங்கான் கோப்பை, பழைய கடிகாரம் என்று இந்த நாவல்களில் எல்லோரும் எதையாவது சேர்த்துக்கொண்டே இருக்கிறார்களே அம்மா? கொலைக்கும் சேகரிப்புக்கும் அப்படி என்ன ஒட்டுறவு?

ஒட்டுறவு பார்வையில் இருக்கிறது. கொலை நடந்த அறைக்குள் போலீஸ்காரர் நுழைந்தால் ரத்தக்கறை, கைரேகை, உடைந்த தாழ்ப்பாள் என்று தேடுவார். சேகரிப்பாளர் நுழைந்தால் அலமாரியின் மூன்றாவது தட்டில் மட்டும் வட்டமாகத் தூசி இல்லாத இடம் கண்ணில் படும். அங்கே இருந்த பொருள் எங்கே என்ற கேள்வி அவருக்குத்தான் முதலில் வரும்.

இந்த வகை நாவலில் துப்பறிகிறவர் பெரும்பாலும் ஒரு கடைக்காரர், நூலகர், ஓய்வுபெற்ற ஆசிரியை. யாரையும் நிற்கவைத்து விசாரிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. தடயவியல் ஆய்வகமும் கிடையாது. போலீஸைவிடவும் கொலையாளியைவிடவும் அவருக்கு ஒரே ஒரு விஷயம் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். பொழுதுபோக்கு அதைக் கொடுத்துவிடுகிறது. அப்புறம், ஒரு கண்காட்சியையோ ஏலத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள்: பெரும் பணக்காரர், பாக்கெட் மணியைச் சேர்த்துவைத்த மாணவன், வியாபாரி, அப்பாவின் சேகரிப்பை விற்றுத் தலைமுழுக வந்த மகன், எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி நிற்கிறார்கள். இவர்களை ஒரே அறைக்குள் கொண்டுவர ஆசிரியர் வேறு சாக்குத் தேட வேண்டியதே இல்லை.

நான் ஒரு நாவலை எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான். சேகரிப்பை உருவிவிட்டால் கதை நிற்குமா? பொம்மைக் கடையைப் பூக்கடையாக மாற்றினாலும் கொலையும் துப்பும் அப்படியே இருக்குமென்றால், அந்தப் பொம்மைகள் அட்டைப்படத்துக்காக வந்தவை. அப்படிப்பட்ட நாவலை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: நான் படித்த நாவலில் கதாநாயகி ஒரு பழைய போஸ்ட்கார்டைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் ‘இது போலி’ என்கிறாள். நிஜத்தில் அப்படிச் சொல்ல முடியுமா, இல்லை கதைக்காக அளந்ததா?

போஸ்ட்கார்டு என்றால் தாராளமாக முடியும். சில சமயம் லென்ஸ்கூட வேண்டாம். நானும் படப் போஸ்ட்கார்டு சேர்ப்பவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு படப் போஸ்ட்கார்டைத் திருப்பிப் பாருங்கள். நடுவே ஒரு கோடு. இடது பக்கம் செய்தி, வலது பக்கம் முகவரி. இந்தக் கோடு ஆரம்பத்தில் இருந்ததில்லை. பிரிட்டனில் 1902-லும் அமெரிக்காவில் 1907-லும்தான் இதற்கு அனுமதி வந்தது. அதற்கு முன்னால் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே. சொல்ல வந்ததைப் படத்தின் ஓரத்து வெள்ளையில் நுணுக்கி நுணுக்கி எழுதுவார்கள். இடம் போதாவிட்டால் படத்தில் இருக்கும் வானத்தின் மேலேயே எழுதிவிடுவார்கள். ஆகவே, ‘1898-ல் லண்டனிலிருந்து என் கொள்ளுத்தாத்தா அனுப்பியது’ என்று ஒருவர் நீட்டும் கார்டின் பின்பக்கத்தில் நடுக்கோடு இருந்தால் அத்தோடு பேச்சு முடிந்தது. ஒன்று அந்தக் கார்டு பொய், இல்லை அந்தத் தேதி பொய். உங்கள் கதாநாயகி பார்த்தது இதுவாக இருந்தால் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம்.

தபால்தலைக்கு நேரம் பிடிக்கும். இடுக்கியால் எடுத்து, ஓரத்துப் பற்கள் இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை என்று அளக்க வேண்டும். காகிதத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் குறியான வாட்டர்மார்க்கைப் பார்க்க வேண்டும். பின்பக்கப் பசை அசலா, பின்னால் யாராவது பூசியதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் புற ஊதா விளக்கு. காகிதத்தைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் வேதிப்பொருள்கள் 1950 வாக்கில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. அவை அந்த விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். 1920-இல் எழுதியதாகச் சொல்லும் கடிதம் இருட்டறையில் நீலமாக ஒளிர்ந்தால் குட்டு உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

நிஜத்தில் நடந்த மிக அழகான துப்பறிதலும் காகிதத்தில் நடந்ததுதான். தாமஸ் ஜே. வைஸ் என்பவர் இங்கிலாந்தின் பெரிய புத்தகச் சேகரிப்பாளர். நூல் விவரப் பட்டியல்கள் தயாரிப்பதில் அவர் சொன்னதே வேதவாக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர்களின் அபூர்வமான ‘முதல் பதிப்பு’ச் சிறுநூல்கள் பல, அவர் வழியாகச் சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்ற இரண்டு இளம் புத்தக வியாபாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. அத்தனை அபூர்வமான நூல்கள் எப்படி இவ்வளவு புத்தம் புதிதாக இருக்கின்றன? கவிஞர் கையெழுத்திட்டு நண்பருக்குக் கொடுத்த பிரதி ஒன்றுகூட ஏன் இல்லை?

தாள்களின் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் சானெட் (பதினான்கு வரி) கவிதைகளாக 1847 என்ற ஆண்டோடு இருந்த சிறுநூலின் தாளில், வேதிமுறையில் பக்குவப்படுத்திய மரக்கூழ் இருந்தது. இங்கிலாந்தில் அந்தக் கூழால் காகிதம் செய்யத் தொடங்கியதே 1874 வாக்கில்தான். அச்செழுத்துகளைப் பார்த்தார்கள். ‘எஃப்’, ‘ஜே’ ஆகிய ஆங்கில எழுத்துகளின் வளைவு அந்தக் காலத்து அச்சில் இருக்கவே முடியாத வடிவம். 1934-ல் எல்லாவற்றையும் புத்தகமாகவே வெளியிட்டார்கள். இந்தப் போலிகளைச் செய்த குற்றவாளி வைஸ்தான் என்று அதில் ஒரு வரிகூட நேரடியாக எழுதவில்லை. ஆனால் படித்தவர்கள் யாருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை. வைஸ் கடைசிவரை ஒப்புக்கொள்ளாமலே 1937-ல் இறந்தார். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த பழைய நாடக நூல்களிலிருந்து அவர் தாள்களைத் திருடித் தன் பிரதிகளில் சேர்த்திருந்தது அதற்கும் பிறகுதான் தெரியவந்தது. கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனாலும் இதைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கை சில்லிட்டுப்போகும்.

நாவலாசிரியர் இங்கே ஒரு நேர்மையைக் காப்பாற்ற வேண்டும். ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவர் கண்ட துப்பை உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. கடைசியில் நீளமான அறிவியல் விளக்கம் தேவைப்படும் கருவியைக் கொண்டுவரக் கூடாது என்பது இன்னொன்று. நடுக்கோடு எந்த ஆண்டில் வந்தது என்பதைக் கடைசி அத்தியாயத்தில் முதல் தடவையாகச் சொன்னால் அது ஏமாற்று வேலை. நல்ல ஆசிரியர் அதை மூன்றாம் அத்தியாயத்திலேயே, கிளப் கூட்டத்தில் நடக்கும் வேறொரு அரட்டைக்குள் போட்டுவிடுவார். நாமும் படித்துவிட்டு மறந்திருப்போம்.

கேள்வி: ஒரு துண்டுக் காகிதத்துக்காக யாராவது கொலை செய்வார்களா? எனக்கு அந்த இடத்தில்தான் நம்பிக்கை போய்விடுகிறது.

பணத்துக்காக என்று மட்டும் எழுதினால் நம்பிக்கை போகத்தான் செய்யும். மதிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. பிரிட்டிஷ் கயானாவில் 1856-ல் அச்சான ஒரு சென்ட் மெஜந்தா தபால்தலை உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மாமாவின் பழைய கடிதங்களுக்கு இடையில் அதைக் கண்டெடுத்தவன் பன்னிரண்டு வயதுப் பையன், 1873-ல். ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். 2014 ஏலத்தில் அதன் விலை ஏறக்குறைய 95 லட்சம் டாலர்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். உலகில் ஒன்றே ஒன்று இருக்கும் பொருளைத் திருடி யாரிடம் விற்பது? போதாக்குறைக்கு, அந்தத் தபால்தலையின் பின்பக்கத்தில் அதன் சொந்தக்காரர்கள் வரிசையாகத் தங்கள் குறியைப் போட்டுவைத்திருக்கிறார்கள். 2014-ல் வாங்கிய காலணி வடிவமைப்பாளர், குதிகால் உயர்ந்த ஒரு காலணியைக் குட்டியாக வரைந்துவைத்தார். கைமாறிய வரலாறு முழுவதும் பொருளின் முதுகிலேயே எழுதியிருக்கிறது.

நிஜத்தில் நடந்த ஒரு திருட்டைச் சொல்கிறேன். 1918-ல் அமெரிக்காவில் 24 சென்ட் விமானத் தபால்தலையின் ஒரு தாளில், நூறு தலைகளிலும் விமானம் தலைகீழாக அச்சாகிவிட்டது. அந்தத் தாளைப் பிரித்து விற்பதற்கு முன், ஒவ்வொரு தலையின் பின்னாலும் அதன் இட எண்ணைப் பென்சிலால் லேசாகக் குறித்துவைத்தார்கள். அதில் நான்கு தலைகள் சேர்ந்த ஒரு தொகுதி எத்தல் மெக்காய் என்ற பெண்மணியிடம் இருந்தது. 1955-ல் ஒரு தபால்தலை மாநாட்டில், கண்காட்சிச் சட்டத்துக்குள்ளிருந்தே அது காணாமல்போனது. திருடியவர் நான்கையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார். அடையாளத்தை மறைக்கும் வேலையும் நடந்தது. அப்படியும் மூன்று திரும்பி வந்துவிட்டன. மூன்றாவது கிடைத்தது 2016-ல். தாத்தாவிடமிருந்து வந்தது என்று நம்பி, ஓர் இளைஞர் அதை ஏலத்துக்குக் கொண்டுவந்தார். நான்காவது இன்னும் யார் ஆல்பத்தில் இருக்கிறதோ.

அந்த நான்காவதை வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். யாரிடமும் காட்ட முடியாது, விற்க முடியாது. ஒருவேளை திருட்டுச் சொத்து என்றே தெரியாமல் ஆசையாக வைத்திருக்கலாம். ஒரு நாள் விருந்தாளி ஒருவர் லென்ஸை எடுத்துக் குனிந்து பார்த்துவிட்டு முகம் மாறுகிறார். நாவல் இங்கேதான் பிறக்கிறது. ஆசையைவிடப் பயமே வலுவான காரணம். இத்தனை வருஷமாகச் சேர்த்த மரியாதை ஒரே மாலையில் போய்விடுமே என்ற பயம். வைஸ் போன்ற ஒருவர், கார்ட்டரும் பொல்லார்டும் கண்டுபிடித்ததை அச்சாவதற்கு முன்பே தெரிந்துகொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுதிப் பாருங்கள். நம்பிக்கை தானாக வரும்.

கேள்வி: நாணயச் சேகரிப்பாளர் வீட்டில் சயனைடு இருந்ததாக ஒரு கதையில் வந்தது. காதில் பூச்சுற்றுகிறார்களா?

இல்லை. வெள்ளி நாணயங்களைச் சுத்தம்செய்யப் பொட்டாசியம் சயனைடு கரைசலைப் பயன்படுத்தும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்காவின் பேர்பெற்ற நாணயவியலாளர் ஜே. சான்ஃபோர்ட் சால்டஸ் 1922-ல் லண்டனில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார். நாணயம் சுத்தம்செய்ய வைத்திருந்த கரைசலைத் தவறுதலாகக் குடித்துவிட்டார். பக்கத்தில் ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சிக் குளிர்பானம் இருந்தது. விபத்து என்றுதான் முடிவானது. அதனால் அந்தக் கதை நடக்கும் காலத்தைப் பாருங்கள். 1920-களில் நடந்தால் பொருத்தம். இன்றைக்கு நடக்கும் கதையில் அதே சீசா சாதாரணமாக அலமாரியில் இருந்தால் ஆசிரியர் வீட்டுப்பாடம் செய்யவில்லை.

புத்தகம் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த சில நூல்களின் பளீர்ப் பச்சைத் துணி அட்டையில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த சாயம் இருக்கிறது. அமெரிக்காவின் வின்டர்தர் அருங்காட்சியகம் 2019 முதல் அப்படிப்பட்ட புத்தகங்களைத் தேடிப் பட்டியல் போட்டு வருகிறது. தொட்டதும் ஆள் சுருண்டு விழுவதெல்லாம் நடக்காது. ஆனால் சாயம் உதிர்ந்து கையில் ஒட்டும். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், தனிப் பையில் போட்டு மூடிவையுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி: பூனை கட்டாயமா?

கட்டாயமில்லை. இருந்தால் அதற்கும் கதையில் ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஒரு மனிதர் செத்துக்கிடக்கிறார், அடுத்த பக்கத்தில் எல்லோரும் தேநீரும் பிஸ்கட்டுமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாவை இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்வது எனக்கு உறுத்துகிறது.

எனக்கும் சில நாவல்களில் உறுத்தியிருக்கிறது. ரத்தத்தைக் காட்டாமல் விடுவது ஒரு பண்பு. இறந்தவரையே காட்டாமல் விடுவது குறை. பல கதைகளில் முதல் அத்தியாயத்தில் சாகிறவர் யாருக்கும் பிடிக்காத ஆளாக இருப்பார். வாசகர் வருத்தப்பட வேண்டாம் என்று ஆசிரியரே முன்கூட்டி ஏற்பாடு செய்துவிடுகிறார். எனக்கு அது பிடிப்பதில்லை.

சேகரிப்பு இருக்கும் கதையில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. இறந்தவரின் சேகரிப்பைத் துப்பறிபவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். எதற்கெல்லாம் கையால் சீட்டு எழுதி வைத்திருக்கிறார், எதை இரண்டாக வாங்கி ஒன்றை யாருக்கோ கொடுத்திருக்கிறார், எந்தக் கட்டத்தை முப்பது வருஷமாகக் காலியாகவே விட்டுவைத்திருக்கிறார். கோபக்காரக் கிழவர் என்று ஊரே சொன்ன மனிதர், ஒரு சிறுமிக்காக மட்டும் தனி ஆல்பம் ஒன்று தொடங்கியிருந்தார் என்பது அங்கே தெரியவந்தால், அந்த மரணம் லேசாக இருக்காது. தேநீர் குடித்துக்கொண்டே பேசினாலும்கூட.

குடும்பத்தாருக்கு அந்தச் சேகரிப்பு எதுவென்றே தெரியாமல் இருப்பதும் உண்மையில் நடப்பதுதான். 1913 ஆண்டிட்ட அமெரிக்க லிபர்ட்டி ஐந்து சென்ட் நாணயம் உலகத்தில் ஐந்துதான். அதில் ஒன்றின் சொந்தக்காரர் 1962-ல் கார் விபத்தில் இறந்தார். நாணயத்தைப் பார்த்தவர்கள் போலி என்று சொல்லிவிட்டார்கள். சகோதரி அதைத் தூக்கி எறியாமல் அலமாரிக்குள் வைத்திருந்தார். 2003-ல் மற்ற நான்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோதுதான் அசல் என்று உறுதியானது. அண்ணன் சேர்த்த பொருள் என்பதற்காகவே பத்திரப்படுத்திய அந்தச் சகோதரியைப் பற்றி ஒரு நாவல் வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

கேள்வி: பொத்தான் சேகரிப்பை வைத்து நானே ஒரு கோஸி மிஸ்டரி எழுதத் தொடங்கியிருக்கிறேன் அம்மா. பாத்திரங்கள் தயார், இடம் தயார். துப்புத்தான் அமைய மாட்டேன் என்கிறது. வழி சொல்லுங்கள்.

பொத்தான் அருமையான தேர்வு. சட்டைப் பையில் அடங்கும், பிடுங்கிக்கொண்டு விழும், இறந்தவரின் விரல்களுக்குள் இருக்கும். ஆனால் அந்த மூன்றையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். பொத்தான் எங்கே கிடைத்தது என்பதை விடுங்கள். பொத்தானே என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு, பிரிட்டிஷ் ராணுவச் சீருடைப் பொத்தானில் ஒரு கிரீடம் இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அது டியூடர் கிரீடம். மேல் வளைவு குவிந்து உருண்டு இருக்கும். 1952-ல் எலிசபெத் அரசியானபின் செயின்ட் எட்வர்ட் கிரீடத்துக்கு மாற்றினார்கள். அதில் மேல் வளைவு நடுவில் உள்வாங்கியிருக்கும். ‘முதல் உலகப் போரில் என் தாத்தா போட்டிருந்த கோட்’ என்று ஒருவர் காட்டும் கோட்டில் நடு உள்வாங்கிய கிரீடம் இருந்தால் கதை கந்தல்.

இது வரைக்கும் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். இனிமேல்தான் உங்களுக்கு வேலை. 2022-ல் சார்லஸ் மன்னரானதும் மறுபடி டியூடர் கிரீடத்தையே தேர்ந்தெடுத்தார். ஆக, உருண்ட கிரீடம் போட்ட பொத்தான் மிகப் பழையதாகவும் இருக்கலாம், மிகப் புதியதாகவும் இருக்கலாம். உங்கள் துப்பறிபவர் முதலில் ‘உருண்ட கிரீடம், அப்படியென்றால் அசல்’ என்று சொல்லட்டும். வாசகரும் நம்பட்டும். கொலையாளி புதுப் பொத்தானைப் பழுப்பேற்றித் தைத்திருக்கிறான் என்பது, அதைத் திருப்பிப் பின்பக்கத்துத் தயாரிப்பாளர் குறியையும் நூல் கோக்கும் காம்பின் தேய்மானத்தையும் பார்க்கும்போதுதான் பிடிபட வேண்டும். கோட்டின் நூல் புதுசு, கோட்டின் துணி பழசு என்பதை முன்பே ஒரு தையல்காரர் வாயால் போகிறபோக்கில் சொல்லவைத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. விளக்கம் கொடுக்கும் இடங்களில் கை அடக்கம் வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் தாங்கள் தேடிப் படித்ததையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். முதல் பிளாஸ்டிக் பொத்தான் எது, சிப்பிப் பொத்தானை எப்படிக் கடைந்தார்கள் என்று பத்துப் பக்கம் வந்தால் கொலையாளி தூங்கிவிடுவான். துப்புக்குத் தேவையான ஒரு தகவல், அதை மறைக்கத் தேவையான இரண்டு தகவல்கள், பாத்திரத்தின் பிரியத்தைக் காட்டும் ஒரு தகவல். நான்கு போதும்.

முடிந்தால் எழுதுவதற்கு முன் ஏதாவது ஒரு சேகரிப்பாளர் சங்கக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள். யார் யாரை லென்ஸைத் தொட விடுவதில்லை, யார் விலையைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறார், யார் அடுத்தவர் ஆல்பத்தைப் புரட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார் என்பதையெல்லாம் எந்தக் கையேடும் சொல்லாது. கேட்டதை எழுதி, முதல் இரண்டு அத்தியாயங்களை எனக்கு அனுப்புங்கள். கொலையாளி யார் என்பதை மட்டும் கடிதத்தில் சொல்லிவிடாதீர்கள்.